படகை இடித்தவன்

ஆஷ்லோட், செவர்ன் ஆற்றங்கரை
4 பிப்ரவரி 1951

அன்புள்ள அண்ணன் வில்ஃப்ரெடுக்கு,

எனிட் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன்; முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. உன் இருமல் விட்டதா? அண்ணி நோராவுக்குக் கைவலி தேவலையா? நீங்கள் அனுப்பிய வெண்ணெய் டின்னும் பழக் கேக்கும் வந்து சேர்ந்தன. இங்கே இறைச்சிக்கு இன்னும் ரேஷன்தான். தபால்காரர் சிட் கேக் வாசனை பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். ஒரு துண்டு கையில் வந்த பிறகுதான் நகர்ந்தார்.

இந்த வருஷம் அரசாங்கமே நாடெங்கும் விழா நடத்துகிறது அல்லவா? நம் ஊரும் சும்மா இருக்குமா! ஆகஸ்ட்டில் ஆற்றங்கரையிலேயே ஊர் வரலாற்றை நாடகமாகப் போடப் போகிறார்கள். பாதிரியார் ஹோஸ்கின் எழுதுகிறார். கம்பளி நூல் கடையில் எனக்கு வேலை போதாது என்று நினைத்தார்களோ என்னவோ, என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். ஒரு ராணி நம் தோணியில் ஆற்றைக் கடந்தபோது வாந்தி எடுத்தாளே, அந்தக் காட்சி உண்டு. டாக்டர் மனைவி திருமதி பெம்பிள்தான் ராணி. "வாந்தியெல்லாம் வேணாம், லேசா தலை சுத்துற மாதிரி பண்றேன்" என்கிறார். "அம்மா, ராணி என்ன பண்ணாங்களோ அதைத்தானே நீங்க பண்ணணும்" என்கிறார் பாதிரியார். மூன்று கூட்டமாக இதே சண்டை.

கடைசிக் காட்சி நம் வீட்டுக் கதை. 1926இல் அப்பாவின் தோணி போனதுதான். முந்நூறு வருஷத் தோணித்துறை அன்றோடு முடிந்ததே, அதை விட்டால் ஊர் வரலாறு எப்படி முடியும் என்கிறார் பாதிரியார். மூடுபனியில் நம் தோணியைத் தன் நிலக்கரிப் படகால் இடித்து உடைத்த அந்த ஆம்ப்ரோஸ் கில்லார்டும் கூட்டத்துக்கு வந்திருந்தார். ஊரில் பெரிய படகு ஓட்டத் தெரிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான். நான் மேஜையின் மறுகோடியில் உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணிக்கு என் முத்தங்கள்.
உன் தங்கை எனிட்

*

ஃபிராங்க்ளின், டாஸ்மேனியா
25 பிப்ரவரி 1951

அன்புத் தங்கை எனிடுக்கு,

இருமல் போய்விட்டது. நோராவின் கையும் தேவலை. நேற்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள், வலுவாகத்தான் இருந்தது. ஆப்பிள் பறிப்பு ஆரம்பித்துவிட்டது. நாள் முழுக்க ஏணிமேல்தான் வாழ்கிறேன்.

திருமதி பெம்பிள் வாந்தி எடுப்பதைப் பார்க்க இங்கிருந்து நீந்தியே வரலாம் என்று தோன்றுகிறது. ஆனால் 1926 எதற்கு? பழைய சோகத்தைப் பார்க்க யார் காசு கொடுத்து உட்காருவார்கள்? பாதிரியாரிடம் சொல்லி அதை எடுத்துவிடு. நாம் சின்னவர்களாக இருந்தபோது வந்த வெள்ளத்தில் சர்ச் சுவர் வரை தண்ணீர் வந்ததே, அதைப் போடச் சொல். கில்லார்டோடு உனக்குப் பேச்சு வேண்டாம்.

முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள். கடையே வைத்திருக்கிறாய்.

அண்ணன் வில்ஃப்ரெட்

*

ஆஷ்லோட்
25 மார்ச் 1951

அன்புள்ள அண்ணா,

இன்று ஈஸ்டர். நீங்கள் இருவரும் நல்லபடி இருக்க வேண்டும் என்று சர்ச்சில் வேண்டிக்கொண்டேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

பாதிரியாரிடம் சொன்னேன், அவர் கேட்கவில்லை. பேச்சு வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். ஆனால் செயலாளர் பேசாமல் எப்படி வேலை நடக்கும்? நாடகத்துக்கு ஒரு தோணி வேண்டும். மிஸ்டர் கில்லார்ட் ஒரு பழைய படகைத் தேடிப் பிடித்துப் பலகை மாற்றி, தார் பூசிக்கொண்டிருக்கிறார். அளவு சரியா என்று பார்க்க நான்தான் போக வேண்டியிருந்தது. அப்பாவின் தோணியில் உட்காரும் பலகை எத்தனை, எந்தப் பக்கம் சாய்வு, எல்லாம் அவருக்கு அச்சாக நினைவிருக்கிறது. எனக்கே மறந்துபோன ஒரு இரும்பு வளையத்தைக்கூடச் செய்து மாட்டியிருக்கிறார்.

கடைசிக் காட்சியில் அவராகவே அவர் நடிக்கிறார். "வேற யாரு வருவா? இடிச்சவன் நான்தானே" என்றார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

எனிட்

*

ஆஷ்லோட்
29 ஏப்ரல் 1951

அன்புள்ள அண்ணா, அண்ணி,

உடம்புக்கு நன்றாக இருக்கிறேன். முழங்கால்கூட வாயை மூடிக்கொண்டிருக்கிறது. உங்களிடமிருந்து இந்த மாதம் கடிதம் காணோம். ஆப்பிள் வேலை அதிகம் போலிருக்கிறது.

விலாங்குக் குஞ்சுகள் ஆற்றில் ஏறிவிட்டன. போன சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் படியில் ஒரு கிண்ணம் நிறைய! பன்றி இறைச்சிக் கொழுப்பில் வதக்கி, முட்டை ஊற்றி, அம்மா செய்வது போலவே செய்தேன். ஒரு ஆளுக்கு அதிகம். ஆனாலும் மிச்சம் ஒன்றும் ஆகவில்லை.

நீல உடை ஒன்று தைத்துக்கொண்டேன். செயலாளர் கந்தலாக நிற்கக் கூடாது என்று பாதிரியார் சொன்னார். அவர் சொன்னாரா என்று இப்போது சரியாக நினைவில்லை. யாரோ சொன்னார்கள்.

நாடகம் நன்றாகப் போகிறது. வேறு செய்தி இல்லை.

எனிட்

*

ஃபிராங்க்ளின்
13 மே 1951

அன்பு எனிட்,

நலம். அறுவடை முடிந்தது, முதுகும் முடிந்தது. உன் கடிதத்தில் நாடகத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. சலித்துவிட்டதா? சலித்தால் விட்டுவிடு.

மீதியை நோரா எழுத வேண்டுமாம். பேனாவைப் பிடுங்குகிறாள்.

வில்ஃப்ரெட்

எனிட், நோரா எழுதுகிறேன். உன் அண்ணனுக்கு ஆப்பிளைத் தவிர ஒன்றும் கண்ணில் படாது. உன் மூன்று கடிதங்களையும் வரிசையாக வைத்துப் படித்தேன். பிப்ரவரியில் "அந்த ஆம்ப்ரோஸ் கில்லார்ட்". மார்ச்சில் "மிஸ்டர் கில்லார்ட்". ஏப்ரலில் அந்தப் பெயரே இல்லை, விலாங்குக் கிண்ணமும் நீல உடையும் இருக்கின்றன. "உங்க தங்கச்சி யாரையோ நினைச்சுக்கிட்டு இருக்கா, அதுவும் யாருன்னு எனக்குத் தெரியும்" என்று இவரிடம் சொன்னேன். "போடி, அவளுக்கு நாற்பத்தேழு வயசு" என்றார். "ஏன், நாற்பத்தேழுல பசிக்காதா?" என்றேன். எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டார். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாயா? காலியாகக் கொடுத்திருக்க மாட்டாயே?

அண்ணி நோரா

*

ஆஷ்லோட்
3 ஜூன் 1951

அன்புள்ள அண்ணாவுக்கும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கும் அண்ணிக்கும்,

இருவரும் சுகமாக இருங்கள். கிண்ணத்தை ஜாம் பாட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அண்ணி சொன்னது எல்லாம் சரி.

அண்ணா, உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 1926 ஈஸ்டருக்கு மறுநாள் ஆம்ப்ரோஸ் அப்பாவிடம் வந்து என்னைப் பெண் கேட்பதாக இருந்தது. எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். ஈஸ்டருக்கு ஐந்து நாள் முன்னால் தோணி போயிற்று. அப்பா படுத்த படுக்கையிலிருந்து "அந்தக் குடும்பத்து நிழல்கூட இந்தப் பக்கம் விழக் கூடாது" என்றார். நான் தெருவில் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறி நடந்தேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. அவர் வேறு யாரையும் கட்டவில்லை. ஒரு செவிட்டு நாய் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

போன வாரம் என்னை வீடு வரை கொண்டுவந்து விட்டார். உள்ளே வந்து தேநீர் குடியுங்கள் என்றேன். படியைத் தாண்டவில்லை. "எனிட், உங்க அப்பா பொழப்பை நொறுக்கினவன் நான். அவரு நாற்காலியில எந்த மூஞ்சியோட உட்காருவேன்?" என்றார். "நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்றேன். "வேணும்னு செஞ்சா என்ன, தெரியாம செஞ்சா என்ன, உடைஞ்சது உடைஞ்சதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பா இல்லை. இனி குடும்பத்தில் பெரியவன் நீதான். "போனது போகட்டும், உன்மேல் எனக்குக் கோபம் இல்லை" என்று அவருக்கு ஒரு வரி எழுது அண்ணா. ஒரே ஒரு வரி. நீ மன்னித்தால் அவர் படியைத் தாண்டுவார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
எனிட்

*

ஆஷ்லோட்
8 ஜூலை 1951

அன்புள்ள அண்ணா,

ஐந்து வாரமாகிறது. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? தினமும் சிட் வரும் நேரத்துக்கு ஜன்னலில் நிற்கிறேன். "உங்க அண்ணன் பேனாவை மரத்துல தொங்கவிட்டுட்டாரு போல" என்று அவரும் கேலி செய்கிறார்.

கோபமாக இருந்தால் கோபம் என்றாவது எழுது.

எனிட்

*

ஃபிராங்க்ளின்
16 ஜூலை 1951

அன்பு எனிட்,

நோரா எழுதுகிறேன். பயப்படாதே. உன் அண்ணன் உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. சாப்பிடுகிறார், ஆனால் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஷெட்டில் போய் உட்கார்ந்து எழுதுகிறார், கிழிக்கிறார். குப்பையில் இதுவரை ஏழு கடிதம் எண்ணினேன். ஏழிலும் "அன்பு எனிட்" என்பதோடு சரி.

நேற்று நேராகக் கேட்டேன். "அந்த மனுஷனை மன்னிக்க இவ்வளவு கஷ்டமா உங்களுக்கு?" என்றேன். என்னையே பார்த்தார். "நோரா, மன்னிக்கிற இடத்துல நான் இல்லை" என்றார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணமாகி இருபத்தொரு வருஷம், நேற்றுதான் எனக்கே தெரியும். அதை நான் எழுதக் கூடாது, அவர்தான் எழுத வேண்டும். எழுதி முடிக்கிற வரை இந்த வீட்டில் புட்டிங் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். உன் அண்ணன் புட்டிங் இல்லாமல் ஒரு வாரம் தாங்க மாட்டார்.

உன் அண்ணி

*

ஃபிராங்க்ளின்
20 ஜூலை 1951

எனிட்,

நீ நலமா என்று கேட்கும் தகுதி இந்தக் கடிதத்தை நீ படித்த பிறகும் எனக்கு இருக்குமா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஆம்ப்ரோஸ் நம் தோணியை இடிக்கவில்லை.

அந்த வாரம் அப்பா இடுப்புப் பிடித்துப் படுத்திருந்தார். தோணி என் பொறுப்பு. கடலிலிருந்து பெரிய அலை ஆற்றுக்குள் ஏறி வரும் காலை. தோணியை நடு ஆற்றுக்குக் கொண்டுபோய் அலைக்கு முகம் திருப்பி நிறுத்த வேண்டும், இல்லையென்றால் கயிற்றை நீளமாக விட வேண்டும் என்று அப்பா படுக்கையிலிருந்தே இரண்டு தடவை சொன்னார். நான் குட்டைக் கயிற்றில் கட்டிவிட்டு ரொட்டிக்கடைப் பின்கட்டுக்குப் போய்விட்டேன். கடைக்காரர் மகள் பாலி ஹேட்ச் அடுப்பிலிருந்து எடுத்த திராட்சை ரொட்டியை எனக்காக வைத்திருப்பாள். ஒரு ரொட்டிக்கும் ஒரு சிரிப்புக்கும் போனேன்.

அலை வந்த சத்தம் கேட்டு வாயில் ரொட்டியோடு ஓடி வந்தேன். தண்ணீர் ஏறியது, கயிறு எட்டவில்லை, தோணி ஒருபக்கம் சாய்ந்து நிரம்பியது. கயிறு அறுந்து, பனிக்குள் போய், ரயில் பாலத்துத் தூணில் மோதியது. பனி ஒரு நொடி விலகியபோது என் கண்ணால் பார்த்தேன். ஆம்ப்ரோஸின் படகு அப்போது எதிர்க்கரை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. பனிக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. "எதையோ இடிச்சுட்டேன்! யாருக்காவது அடிபட்டிருக்கா?"

நான் பொய் சொல்ல வேண்டும் என்று அங்கே நிற்கவில்லை எனிட். அவனே ஒரு பொய்யை என் கையில் கொடுத்தான். "எங்க தோணியைத்தான் இடிச்சே!" என்று கத்தினேன். அதற்குப் பிறகு அதை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் ஆகஸ்ட்டில் கப்பல் ஏறினேன். ஊரில் பிழைப்பில்லை என்று சொன்னதெல்லாம் சும்மா.

உனக்கும் அவனுக்கும் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசைதான். எட்டாவது கடிதமும் அந்த இடத்தில்தான் கிழிந்தது.

இதை முதலில் ஆம்ப்ரோஸிடம் காட்டு. பிறகு பாதிரியாரிடம் கொடு, ஊருக்கு முன்னால் படிக்கச் சொல். எனக்கு ஆட்சேபம் இல்லை.

வில்ஃப்ரெட்

*

ஆஷ்லோட்
20 ஆகஸ்ட் 1951

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று நீ கடைசியாக அனுப்பிய கேக் டின்னைத் தோட்டத்தில் வீசினேன். மறுநாள் போய் எடுத்து வந்தேன். தகரம் நெளிந்திருக்கிறது, கேக்குக்கு ஒன்றும் இல்லை. மூன்று நாள் உன்னோடு மனசுக்குள் கத்திச் சண்டை போட்டேன். இருபத்தைந்து வருஷம் அண்ணா! நான் உன்னை மன்னித்துவிட்டேனா என்று இப்போது கேட்காதே. சில நாள் மன்னிக்கிறேன், சில நாள் இல்லை.

நான்காம் நாள் ஆம்ப்ரோஸிடம் போனேன். தோணிக்குப் பச்சை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். "திராட்சை ரொட்டிக்கா?" என்றார். நான் தலையாட்டினேன். சிரித்தார் அண்ணா. முதலில் மெதுவாக, பிறகு கீழே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நாய்கூடப் பயந்து எழுந்தது. அப்புறம் பெயின்ட் கையாலேயே கண்ணைத் துடைத்தார். கன்னமெல்லாம் பச்சை. "எனிட், பாலத்துப் பக்கம் போறப்பெல்லாம் நான் அந்தத் தோணியைத் திரும்பத் திரும்ப இடிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார்.

கடிதத்தை அடுப்பில் போடச் சொன்னார். "அவன் பாவம், எங்கேயோ கிடக்கிறான், ஊருக்கு ஏன் தெரியணும்?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "இத்தனை வருஷமா இந்த ஊரு உங்களைப் பார்த்துச் சிரிச்சுது. ஒரு நாள் எங்க அண்ணனைப் பார்த்துச் சிரிக்கட்டும்" என்றேன். நேராகப் பாதிரியாரிடம் போய்க் கடைசிக் காட்சியை மாற்றி எழுத வைத்தேன்.

நேற்று முன்தினம் நாடகம். ஆற்றங்கரை முழுக்க ஜனம். கடைசிக் காட்சியில் உன்னை யார் நடித்தார் தெரியுமா? தபால்காரர் சிட். கழுத்தில் கைக்குட்டை, வாயில் முழு ரொட்டி, இரண்டு கையிலும் இரண்டு ரொட்டி. பாலி ஹேட்ச் "எனக்கு வேற யாரும் வேஷம் போட வேணாம், நானே வர்றேன்" என்று வந்துவிட்டாள். அவள் இப்போது அடுப்பு அகலம்! அவள் கண்ணடித்ததும், சிட் தோணியை மறந்து அவள் பின்னால் போனதும், கரையே குலுங்கியது. ஆம்ப்ரோஸ் எதிர்க்கரை ஓரமாகப் படகு ஓட்டிக்கொண்டு போனார், ஒன்றையும் இடிக்காமல். முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. பிறகு புரிந்தது. யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்ற மறந்து அப்படியே துடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து உண்மையான அலை கொஞ்சம் முன்னதாகவே வந்து, கரையோரம் சிம்மாசனத்தில் இருந்த திருமதி பெம்பிளை முழுக்க நனைத்துவிட்டது. ராணி வாந்தி எடுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன வார்த்தைகளை எந்த ராணியும் சொல்லியிருக்க மாட்டாள்.

ஊர் உன்னைத் திட்டவில்லை. "அந்த வில்ஃப்ரெடு பய" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. நீ இனிமேல் இந்த ஊருக்கு வரலாம்; வந்தால் ரொட்டிக்கடைப் பக்கம் போக முடியாது.

அண்ணிக்கு என் முத்தங்கள். புட்டிங் கொடுத்துவிடச் சொல்.

எனிட்

*

ஆஷ்லோட்
2 செப்டம்பர் 1951

மச்சான் வில்ஃப்ரெடுக்கு,

ஆம்ப்ரோஸ் எழுதுவது. உன்னை என்ன சொல்லி அழைப்பது என்று அரை மணி நேரம் யோசித்தேன். இப்படி எழுதியதும் கை தானாக ஓடுகிறது. நீயும் உன் வீட்டம்மாவும் சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம். நாய்க்கு மட்டும் வயசாகிறது.

நாடகம் முடிந்த மறுவாரம் எனிட் வீட்டுக்குப் போனேன். படியைத் தாண்டினேன். உங்கள் அப்பாவின் நாற்காலியில் நானாக உட்காரவில்லை. எனிடே அதை எனக்கு இழுத்துப் போட்ட பிறகுதான் உட்கார்ந்தேன். 1926இல் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "தேநீர் ஆறிடும், முதல்ல குடிங்க" என்றாள். குடித்தேன். "சரி" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. வீடு திரும்பும்போது ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு போனேன். பாலத்தடியில் நின்று அந்தத் தூணை ரொம்ப நேரம் பார்த்தேன். அது சும்மா ஒரு தூண்தான்.

உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க இருந்தது. காலையில் நினைத்துப் பார்த்தேன். எதையோ இடித்துவிட்டேன் என்று நான்தானே முதலில் கத்தினேன்? நான் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்? ஆற்றில் மிதந்து வந்த ஏதோ ஒரு மரக்கட்டைக்காக நாம் இரண்டு பேரும் பாதி ஆயுசைக் கொடுத்திருக்கிறோம். மீதியையும் கொடுக்க எனக்கு மனசில்லை.

எனிட் இன்னும் சில நாள் உன்னைத் திட்டுகிறாள். திட்டும்போதே உனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னுகிறாள். கழுத்து அளவு என்ன என்று கேட்கச் சொன்னாள். அவள் கேட்கச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

கல்யாணத்தன்று அவளைச் சர்ச்சுக்குள் கைபிடித்து நடத்திவர, அப்பா இடத்தில் ஒரு ஆள் வேண்டும். சிட் தயாராக இருக்கிறார். நாடகத்தில் நீயாக நடித்ததால் அது தன் உரிமை என்கிறார். பாதிரியார் அறிவிப்பு எழுதி முடித்துவிட்டார். தேதி எழுத வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார். உன் கப்பல் எந்த நாள் வருகிறது என்று சொல், நிரப்பிவிடலாம்.

உன் மச்சான்
ஆம்ப்ரோஸ் கில்லார்ட்